முதல்ல ஆட்டத்தை எடுங்க, அப்புறம் மோட்டாரை மாத்துங்க

பிள்ளைக்கு ரிமோட் டிரக் வாங்கிக் கொடுத்து ரெண்டு வாரத்தில் "அப்பா, வண்டி திரும்பவே மாட்டேங்குது" என்று புகார் வரும். உடனே நாம் என்ன செய்கிறோம்? விலை கூடிய சர்வோ, இல்லையென்றால் இன்னும் வேகமான மோட்டார் ஆர்டர் செய்கிறோம். அதுவும் சரிவரவில்லை என்றால் புது டிரக். என் கட்சி இதுதான்: காசு செலவழிக்கும் முன் வண்டியில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தேடுங்கள். (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி மாற்றக்கூடிய ரகத்தைச் சொல்கிறேன்.)

நான் இதைக் கற்றது மாரிகுப்பத்தில். பங்காருப்பேட்டையிலிருந்து வரும் ரயில் பாதை முடிகிற ஊர், கோலார் தங்கவயல். அப்பா சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை போன சுரங்கம். எந்த மிஷின் சண்டி பண்ணினாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஆட்டம் எங்க கீதுன்னு மொதல்ல பாரு."

டிரக் உலகிலும் இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1987-ல் டமியா நிறுவனம் வெளியிட்ட கிளாட் பஸ்டர். ரெண்டு மோட்டார், ராட்சத டயர், நாலு சக்கரமும் திரும்பும். ஆனால் ஸ்டியரிங்கில் பெயர் கெட்டது. சர்வோ சேஸிஸில் இருக்கும். அங்கிருந்து கம்பிகள் ஆக்ஸிலுக்குப் போகும். மேடு பள்ளத்தில் ஆக்ஸில் ஏறி இறங்கினால் கம்பி இழுபட்டு சக்கரம் தானாகத் திரும்பிவிடும். ரசிகர்கள் கண்ட வைத்தியம், சர்வோவை ஆக்ஸில் மேலேயே பொருத்துவது. மோட்டாரைத் தொடவே வேண்டியதில்லை.

உங்கள் வண்டிக்கு வருவோம். முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ரிமோட்டையும் வண்டியையும் ஆன் செய்து, ஒரு சக்கரத்தை விரலால் இடம் வலம் ஆட்டுங்கள். சர்வோ அசையாமல் சக்கரம் மட்டும் எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் ப்ளே. பேரிங், கிங்பின், பால் ஜாயின்ட், பெல்கிராங்க் புஷ் என்று சர்வோ வரை ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் துளித்துளியாக இருக்கும், சேர்ந்தால் பெரிசு. தேய்ந்த பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதில் பேரிங், இடைவெளிக்கு மெல்லிய வாஷர். வாஷரை அதிகம் போட்டால் இறுகிவிடும், சக்கரம் நடுவுக்குத் திரும்பாது.

அடுத்து சர்வோ சேவர். அடி விழும்போது சர்வோவின் பல்லைக் காப்பாற்றும் ஸ்பிரிங். பல வண்டிகளில் கொழகொழவென்று இருக்கும், விறைப்பானதாக மாற்றுங்கள். மொத்தமாக எடுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நேராக ஒரு சுவரில் மோதினால் பல் போச்சு.

காசில்லாத வேலை ரெண்டு. முன் சக்கரங்கள் ஒரு டிகிரி உள்நோக்கி இருந்தால் வண்டி நேராக ஓடும். கொஞ்சம் வெளிநோக்கி இருந்தால் திருப்பத்தில் சட்டென்று நுழையும், ஆனால் நேர்பாதையில் அலையும். பேட்டரியை முன்னால் தள்ள முடிந்தால் முன் டயருக்குப் பிடி கூடும்.

இவ்வளவுக்கும் பிறகு சர்வோ வாங்குங்கள். சாதாரண சர்வோ 3, 4 கிலோ-செ.மீ. பலம் தரும்; பெரிய டயருக்கு 15, 20 தேவைப்படலாம். ஆனால் அது கரண்ட் நிறைய இழுக்கும். வண்டியின் சப்ளை தாங்காவிட்டால் ஓடும்போதே ரிசீவர் அணைந்து கட்டுப்பாடு போய்விடும். ஆட்டம் உள்ள ஸ்டியரிங்கில் பலமான சர்வோ போட்டால் அந்த ஆட்டம் அப்படியேதான் இருக்கும் :-)

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது அப்பா மாதிரி ஆட்களின் கைவேலை வீட்டுக்குள் முடங்கியது. நம் பிள்ளைகள் லீவுக்குப் போனால் தாத்தாவோடு பேச்சு ரெண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது. இவனுக்குத் தமிழ் தடுமாறும். இவன் இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடாது. நடுவில் ஒரு லூஸ் சக்கரம் இருந்தால் ரெண்டு மணி நேரம் போவது தெரியாது. ஆகவே டிரக்கைச் சரிசெய்யாமலே ஊருக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில் வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. சயனைடு மேடுகளில் ஓட்ட விடாதீர்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய தூள் அது. பேரிங்குக்கும் ஆகாது, பிள்ளைகள் நெஞ்சுக்கும் ஆகாது. வீட்டு வாசலே போதும்.

உங்கள் வண்டியில் ஆட்டம் எந்த மூட்டில் இருந்தது? சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.