நடுவயதில் ஓடுவது நகைப்புக்குரியதா?

ஐம்பது வயதைக் கடந்த தமிழாசிரியன் ஒருவன் அரைக்காற்சட்டையும் ஓட்டக் காலணியும் அணிந்து, பொழுது புலருமுன் தன் தாமானைச் சுற்றி ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைக் காணும் நம் மக்கள் என்ன சொல்கிறார்கள்? “என்ன வாத்தியாரே, நாய் துரத்துகிறதா?” என்பார் ஒருவர். “இனிப்புநீர் வந்துவிட்டதா?” என்று இரக்கத்தோடு வினவுவார் மற்றொருவர். மூன்றாமவர் ஒன்றும் கேட்கமாட்டார், சிரித்துவிட்டுப் போவார். எட்டு ஆண்டுகளாக இம்மூவரையும் நாள்தோறும் சந்தித்து வருபவன் நான். முதலிருவர் மீது எனக்கு வருத்தமில்லை. அந்த மூன்றாமவரின் சிரிப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அச்சிரிப்பு என் தொப்பையையோ என் தள்ளாட்டத்தையோ பற்றியதன்று. மதிப்புக்குரிய மனிதன் அசையாமல் அமர்ந்திருப்பான் என்னும் கொள்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அக்கொள்கை தவறானது, தவறு மட்டுமன்று, நம்மைக் கொன்றுகொண்டிருப்பதும் ஆகும்.

நம் சமுதாயத்தில் பெரிய மனிதர் என்பவர் யார்? மண்டபத்தின் முன்வரிசையில் அமர்பவர். பொன்னாடை அவர் இருக்கும் இடத்திற்கு வரும், தேநீரும் வரும். அவர் எழுந்து நடந்தால் நாலுபேர் பதறிப்போய் நாற்காலியை இழுப்பார்கள். ஓடுதல் எடுபிடிகளின் வேலை. “ஓடிப்போய் வாங்கி வா” என்பது சிறுவனுக்கு இடும் கட்டளை. ‘ஓடிப்போனவள்’ என்றால் குடும்ப மானம் போயிற்று என்று பொருள். ‘ஓடுகாலி’ என்பதோ அப்பட்டமான வசை. ஓடுகிறவனை இழித்துரைக்க இத்தனை சொற்கள் வைத்திருக்கும் நாம், உட்கார்ந்தே கிடப்பவனைப் பழிக்க எத்தனை சொல் வைத்திருக்கிறோம் என்று இலக்கணம் கற்பிக்கும் நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை நான் அறியாதவன் அல்லேன், அறிந்தே எதிர்க்கிறேன். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தால், மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகவே அவர் காலைப்பொழுது கழியும். பின்னர் பால் வாளிகளைத் தோளில் சுமந்து நிறுவைக் கொட்டகைக்கு நடப்பார். மழை வந்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. அப்படி நடந்து தேய்ந்த கால்களைக் காட்டி, “நீயாவது உட்கார்ந்து வேலை பார்” என்று அவர் சொன்னதுதான் எனக்கு அவர் எழுதிவைத்த உயில். அந்த நாற்காலியை நான் இழிவாகப் பேசமாட்டேன். மூன்று தலைமுறைக் கால்கள் அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆயினும் தந்தையார் அறியாத ஒன்றை நாம் அறிவோம். தோட்டம் போயிற்று, பெரட்டும் போயிற்று, உணவும் பழக்கமும் மட்டும் நம்முடன் நகருக்கு வந்து, இங்குள்ள ரொட்டி சானாயோடும் சீனிப்பால் வழியும் தே தாரேக்கோடும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு என்ன சொல்கிறது? மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய். இந்தியரிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் நமக்கே முதலிடம்! கல்வியிலோ பொருளிலோ பெறாத முதலிடத்தை இதில் பெற்றுவிட்டு, தெருவில் ஓடுபவனைப் பார்த்தா சிரிக்கிறோம்?

என்னோடு பதினோர் ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். செய்யுள் நயம் உரைப்பதில் அவருக்கு ஒப்பானவரை நான் கண்டதில்லை. உடம்பை வளர்ப்பதே உயிரை வளர்ப்பது என்று திருமூலர் பாடியதை அவர் விளக்கினால் கடைசி வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். ‘உட்காருவான்’ என்று எழுதும்போதே எனக்குக் கசக்கிறது. அவர் காலில் தோன்றிய சிறு புண் ஆறவில்லை. முதலில் ஒரு விரல் போயிற்று. பிறகு முழங்காலுக்குக் கீழே முழுதும் போயிற்று. பணி ஓய்வுப் பாராட்டு விழாவில் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மேடையில் ஏற்றினோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அன்றிரவு உறக்கமில்லை. மறுநாள் காலை தாமானின் மூலைவரை ஓடிப் பார்த்தேன். முந்நூறு மீட்டர்கூட இராது. மதகின் சுவரைப் பற்றிக்கொண்டு வாந்தி எடுத்தேன். என் ஓட்டம் தொடங்கிய வரலாறு இவ்வளவுதான். இதில் வீரம் ஏதுமில்லை.

நடுவயது ஓட்டக்காரனின் நாள் எப்படிப்பட்டது என்பதைச் சிரிப்பவர்கள் அறியமாட்டார்கள், ஆகவே சொல்கிறேன். காலை 4.45க்கு எழுகிறேன். வெந்நீர் ஒரு குவளை. இருட்டில் காலணியைத் தேடி, முடிச்சை இருமுறை இறுக்கி, 5.15க்குப் படலையைத் திறக்கிறேன். முதல் கிலோமீட்டர் என்றுமே துன்பந்தான். எட்டு ஆண்டுகள் கழித்தும் முழங்கால் முனகுகிறது. மூச்சு முரண்டு பிடிக்கிறது. திரும்பிப் படுத்துக்கொள் என்று மனம் வழக்காடுகிறது. இரண்டாவது கிலோமீட்டரில் வழக்கு தள்ளுபடியாகிவிடும். சூராவிலிருந்து சுபுஹு தொழுகைக்கான அழைப்பு எழுகிறது. கோயில் அர்ச்சகர் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்து ஒரு கையை உயர்த்துகிறார். நாசி லெமாக் கட்டும் அம்மையார் தம் கடை விளக்கைப் போடுகிறார். குப்பைத் தொட்டியருகே படுத்திருக்கும் நாய்கள் முதல் மாதம் குரைத்தன. இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை. மனிதர்களைவிட அவை விரைவில் என்னைப் புரிந்துகொண்டன.

என் வேகத்தைக் கேட்டால் என் மாணவர்கள் சிரிப்பர். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். ஆறு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். ஆறு மணிக்கு வீடு, 7.20க்குப் பள்ளி. இவ்வளவு இருட்டில் ஏன் ஓட வேண்டும் என்று கேட்போருக்கு ஒரு விளக்கம். வியர்வை வெளிவருவதால் உடல் குளிர்வதில்லை. அது உலர்ந்தால்தான் குளிரும். நம் நாட்டுக் காற்றோ நீர் நிறைந்தது, வியர்வையை உலரவிடாது. அதன்மேல் வெயிலும் ஏறிவிட்டால் ஓடுகிறவன் தன் உடலுக்குள்ளேயே வெந்துபோவான். நெடுந்தொலைவு ஓட்டங்களை இங்கே விடியுமுன் தொடங்குவதும் இதனால்தான். 2019இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின்மீது அரை நெட்டோட்டம் ஓடினேன்: 21 கிலோமீட்டர், இரண்டு மணி ஐம்பது நிமிடம். கீழே கருங்கடல், முன்னும் பின்னும் ஆயிரமாயிரம் முதுகுகள், ஒருவரும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ‘முழங்கால் தேய்ந்துவிடும்’ என்பது முதல் வாதம். 2017இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கியது. பொழுதுபோக்காக ஓடுவோரில் 3.5 விழுக்காட்டினருக்கே இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஓடாமல் அமர்ந்திருப்போரில் 10.2 விழுக்காடு. போட்டிக்கெனவே கடுமையாக ஓடுவோரில் மட்டும் அது 13.3 விழுக்காடாக உயர்ந்திருந்தது. எனவே தேய்வுக்கு அஞ்சுவோர் நாற்காலிக்கும் அஞ்ச வேண்டும். மாரடைப்பு வரும் என்பாரும் உளர். நாற்பதைக் கடந்தவர் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதை நான் ஒப்புகிறேன். மருத்துவரைப் பார்த்ததோடு நின்றுவிடுவதைத்தான் ஒப்பவில்லை.

என் கூட்டத்தாரையும் விட்டுவைக்க மாட்டேன். ஞாயிறு காலைகளில் தலைநகரின் புக்கிட் அமான் வாகன நிறுத்துமிடத்தில் கூடுவோரில் சிலர், ஓடும் நேரத்தைவிடப் படம் பிடித்துக்கொள்ளும் நேரம் அதிகம். நானூறு, ஐந்நூறு வெள்ளிக் காலணியும், பதக்கம் மாட்டும் பலகையுமாக ஓட்டத்தையே ஒரு கடையாக்கிவிட்டார்கள். அது அவர்கள் பணம், போகட்டும்.

ஆனால், ‘குடும்ப நேரத்தைத் திருடுகிறாய்’ என்னும் வாதத்துக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. ஏனெனில் அது உண்மை. முதல் ஐந்து ஆண்டுகள் நான் ஓடியது என் மனைவியின் நேரத்தில். நான் வியர்வையோடு திரும்பும்போது தோசை தயாராக இருந்தது. பிள்ளைகளின் சீருடை தேய்த்து மாட்டப்பட்டிருந்தது. அவருக்கும் ஓட ஆசை உண்டா என்று நான் கேட்கவே இல்லை. பெண்ணுடல் நெடுந்தொலைவைத் தாங்காது என்று கூறி, ஒலிம்பிக்கில் 1984 வரை பெண்களுக்கு நெட்டோட்டமே வைக்காமலிருந்த கனவான்களைப் பற்றி மாணவர்களிடம் கேலியாகப் பேசியவன் நான். என் அடுப்படியில் அவர்கள்தாம் ஆட்சி செய்கிறார்கள் என்பதை உணர ஐந்து ஆண்டுகள் ஆயின. இப்போது செவ்வாய், வியாழன், சனி அவர் ஓடுகிறார். அந்நாள்களில் மாவு கரைப்பது என் வேலை. ஆயினும் ஆணுக்குள்ள உரிமை அவருக்கு முழுதாகக் கிட்டவில்லை. விளக்கெரியாத பின்தெருவில் அவரால் ஓட இயலாது. என்னைப் பார்த்துச் சிரிப்பவர் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை, முறைக்கிறார். நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மையோர் ஆசிரியைகள். அவர்களுள் எத்தனை பேருக்கு விடியற்காலை முக்கால் மணி நேரம் சொந்தமாக இருக்கிறது?

இனி, இக்கட்டுரையை ஆசிரியர் படிக்கும் தொகுப்பில் எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். ஓடுபவனைக் கண்டு சிரிக்கும் பழக்கத்தை நம் மக்கள் எங்கே கற்கிறார்கள்? நம்மிடந்தான். கால அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதப்பட்டிருக்கும் நேரத்தில் நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? தேர்வு வருகிறது என்று கணிதம் நடக்கிறது. கணிதம் முடிந்துவிட்டால் அறிவியல். திடலில்லாத பள்ளிகளுக்காவது ஒரு காரணம் உண்டு. திடல் இருந்தும் புல் முழங்காலளவு வளர்ந்து கிடக்கும் பள்ளிகளுக்கு? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போயிற்று, அதன் பெயரால் பிள்ளைகளிடமிருந்து பறித்த நேரம் திரும்பி வந்ததா?

பிறரை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது; நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் உடற்கல்வி நேரத்தில் இரண்டாமாண்டு மாணவர்களை வகுப்பில் அமர்த்தி, கைகட்டி, வாய் திறந்து, பாரதியின் பாப்பா பாட்டை மனப்பாடம் செய்யவைத்தேன். அப்பாட்டில் கவிஞர் குழந்தைக்குக் கூறும் முதல் அறிவுரையே ஓடுவதும் ஆடுவதும்தான். மாலை நேரம் முழுவதையும் அவர் விளையாட்டுக்கே ஒதுக்கித் தருகிறார். அதைக் கற்பிக்க, ஓடவேண்டிய நேரத்தைப் பிடுங்கிக்கொண்டேன்! சன்னலோரத்துப் பையன் திடலைப் பார்த்தான். “எங்கே பார்க்கிறாய்?” என்று அதட்டி, அவனுக்கு இருமுறை கூடுதலாக ஒப்பிக்கும் தண்டனையும் தந்தேன். அந்தக் காலத்தில் என்னை நல்லாசிரியர் என்றுதான் பெற்றோர் பேசிக்கொண்டார்கள்.

விளையாட்டு விழா வந்தால் மட்டும் நமக்கு நினைவுகள் திரும்பிவிடும். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் டாக்டர் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றதையும், அதே விளையாட்டில் எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றதையும் ஒலிபெருக்கியில் முழங்குவோம். ஜெகதீசன் 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிப் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது, நாற்பத்தொன்பது ஆண்டுகள்! அவர் மருத்துவப் படிப்பைக் கைவிட்டுவிட்டா ஓடினார்? அதே மெக்சிகோவில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடிய சிங்கப்பூரின் சி. குணாளனோ நம்மைப்போல் ஓர் ஆசிரியர். ஓடினால் படிப்புக் கெடும் என்போர் இவ்விருவர் படத்தையும் பள்ளிச் சுவரிலிருந்து இறக்கிவிட்டுப் பேசட்டும்.

பத்து வயதில் இலவசமாகக் கிடைக்க வேண்டிய அரைமணி நேரத்தை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். அப்பிள்ளை ஐம்பது வயதில் அதே அரைமணியை மருத்துவரின் சீட்டோடும் விலையுயர்ந்த காலணியோடும் திரும்ப வாங்க வருகிறது. அதற்குள் சிலருக்குக் கால் இருப்பதில்லை. இதற்கு அமைச்சையோ அரசையோ நோக்கி மனுக் கொடுக்க வேண்டியதில்லை. உடற்கல்வி நேரம் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொடாமல் இருந்தால் போதும்.

இவ்வாண்டு ஐந்தாமாண்டு வகுப்பின் உடற்கல்வி என் பொறுப்பில் வந்தது. இரண்டாம் வாரமே, கணிதத்தில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று கூறி அந்நேரத்தைக் கேட்டு நண்பர் ஒருவர் வந்தார். முன்பு நானே அவரிடம் பலமுறை அப்படிக் கேட்டு வாங்கியவன்; அவர் மறுத்ததில்லை. நான் மறுத்துவிட்டேன். “பொறுப்பில்லாமல் பேசுகிறீர்கள்” என்றார். அதன்பின் ஆசிரியர் அறையில் அவர் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. இருபத்தேழு பிள்ளைகளும் இப்போது திடலைச் சுற்றி மூன்று சுற்று ஓடுகிறார்கள். இருவரால் இரண்டாம் சுற்றை முடிக்க இயலவில்லை. அவர்களோடு நான் நடந்து வருகிறேன். கோடு போடச் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது; வெள்ளிக்கிழமைக்குள் வாங்க வேண்டும்.