ஐயமும் அளவையும்

மூடநம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் கற்றவர் மனக்கண்ணில் தோன்றுவது கிராமமே. பார்வை பார்த்தல், நூல் கட்டுதல், கழிப்புக் கழித்தல் ஆகியவற்றைக் கண்டு நகைப்பதே பகுத்தறிவு என்ற கருத்துப் பல்கலைக்கழக மண்டபங்களிலும் நிலவிவருகிறது. இக்கருத்து வசதியானது, ஆயின் தவறானது. அண்மைக்கால இலங்கையில் மக்களுக்குப் பெருந்தீங்கு விளைத்த பொய்களுட் சில உடுக்கடித்து வந்தவையல்ல. விஞ்ஞானத்தின் மொழி பேசி வந்தவை.

இந்நாட்டிற் பகுத்தறிவு இயக்கத்துக்கு உருவங் கொடுத்தவர்களுள் தலையாயவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்திற் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியப்பணி தொடங்கிய அவர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத சக்தியை மெய்ப்பிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபா வழங்குவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் வென்றிலர். அறைகூவலின் உயிர்நிலை பணமன்று. கூறுபவரே நிறுவ வேண்டும், சோதனையின் நிபந்தனைகள் முன்னரே வகுக்கப்பட வேண்டும் என்ற முறையே அதன் உயிர்நிலை. 1995 செப்டெம்பர் 21இல், பிள்ளையார் சிலைகள் பால் அருந்துவதாகப் பேச்செழுந்தபோது இந்திய விஞ்ஞானிகள் செய்ததும் இதுவே. பாலிற் சாயங் கலந்தனர். மேற்பரப்பிழுவிசையாற் கரண்டியை விட்டு நீங்கிய பால், மெல்லிய படலமாகச் சிலைமீது வழிந்திறங்குவது கண்ணுக்குப் புலனாயிற்று. எவரையும் ஏளனஞ் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கோவூரின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கருதுவோர் பலர் அவரது நகைப்பை ஏற்றுக்கொண்டனர், முறையைக் கைவிட்டனர். 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது, மாத்திரை எனப்பட்டது மாக்கட்டியே எனத் தெரியவந்தது. உணவிற் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதனையும் மருத்துவம் அறியாது. "அம்மாத்திரையின் பெயர் யாது?" என்ற ஒரு வினாவே அப்பொய்யைக் கலைக்கப் போதுமானது. அதைக் கேட்கக் கற்றவர்கள் அன்று எங்கே இருந்தனர்?

அடுத்தது இன்னுங் கொடியது. கொவிட் நோயால் இறந்த அனைவரது உடல்களும் எரிக்கப்பட வேண்டுமென 2020 ஏப்ரலில் வர்த்தமானி விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்பதே காட்டப்பட்ட காரணம். அடக்கமும் தகனமும் ஏற்கத்தக்கவை என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே கூறியிருந்தது. வைரசு உயிருள்ள கலத்தினுள் மட்டுமே பெருகும் என்பது உயர்தர வகுப்பு மாணவரும் அறிந்த செய்தி. இருந்தும், பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்புக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டது. 2024 யூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. சாம்பலானவர்களுக்கு அம்மன்னிப்பு மையவாடியில் இடந் தராது.

புதிய நோயின் தொடக்கத்தில் முன்னெச்சரிக்கை குற்றமாகுமா என வினவலாம். ஆகாது. ஆயின், சான்று வரவரத் தன்னைத் திருத்திக்கொள்வதே முன்னெச்சரிக்கை. பத்து மாதங்களாகச் சான்று காட்டாமலும், காட்டப்பட்ட சான்றைக் கேளாமலும் நின்றதை வேறு பெயராலேயே அழைக்க வேண்டும். பேராசிரியர் என்ற பட்டமும் பட்டமே; அது சான்றன்று.

வதந்தியின் விலையைத் தமிழரைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் அரிது. 1983 யூலை 29இல், புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டனர் என்ற பொய் பரவியதும், தணியத் தொடங்கியிருந்த வன்செயல் மீண்டும் மூண்டு தமிழருயிரைக் குடித்தது. அதனை அனுபவித்த சமூகம், இன்னொரு சமூகத்தின்மீது எறியப்படும் பொய்யைச் செவிமடுத்து வாளாவிருப்பது அறமுமன்று, அறிவுமன்று. தமக்கு ஒவ்வாததை மட்டும் ஐயுறுவது ஐயமன்று. அது விருப்புவெறுப்பின் மறுபெயர். உவப்பான செய்தியையும் நிறுத்தி வினவுவதே உண்மையான ஐயம்.

இப்பண்பு மேலைநாட்டிலிருந்து கடன்வாங்க வேண்டியதன்று. சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கப் புகுந்த மணிமேகலையின் கதை அளவைகளையும் போலி ஏதுக்களையும் வகுத்துரைக்கிறது. சிவஞான சித்தியாரும் பொருளைப் பேசுமுன் அளவையையே பேசுகிறது. எவ்வாறு அறிந்தாய் என்ற வினா, என்ன அறிந்தாய் என்ற வினாவுக்கு முந்தியது என்பதே அம்மரபின் சாரம். அந்நூல்களைத் தேர்வுக்கு மனனஞ்செய்து, தெருவில் வரும் வதந்தியை அளவையின்றி ஏற்கும் மாணவன் அவற்றைக் கற்றவனாகான்.

கிராமத்தவன் கட்டும் நூல் பெரும்பாலும் அவன் கையையே சுற்றுகிறது. கற்றவர் சோதியாது விடும் பொய்யோ அயலவனின் கழுத்தைச் சுற்றுகிறது. பல்கலைக்கழகங்கள் முதலில் அறுக்க வேண்டியது இரண்டாவது கயிற்றையே.