பழைய ஸ்பீக்கரைக் காயலான் கடைக்குப் போடுமுன்



நம் மஹல்லாவின் பல வீடுகளில் கூடத்துச் சுவரில் தட்டையான புதிய டி.வி. தொங்குகிறது. பரணிலோ, வளைகுடாவில் உழைத்த வாப்பா ஒரு காலத்தில் விமானச் சுமையோடு சுமையாகக் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையரும் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டும் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றில் எந்தப் பழுதும் இல்லை. புதிய டி.வி.யின் பின்புறம் அவற்றின் சிவப்பு, வெள்ளை வயர்களைச் சொருகத் துளை இல்லை என்பதே அவை செய்த குற்றம். அடுத்த வீடு கழுவும் நாளில் அவை எடைக்குப் போய்விடும்; அவற்றின் இடத்தைப் பிடிக்கப் புதிதாக ஒரு சவுண்ட்பார் தவணையில் வந்து சேரும். வீண்விரயம் பற்றி மார்க்கம் சொல்வதை இத்தளத்தின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருமண விருந்தின் மிச்சச் சோற்றைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதுதான் வியப்பு.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. டி.வி. மெலியமெலிய அதன் ஸ்பீக்கரும் சிறுத்துவிட்டது. பெரும்பாலும் அது தரையையோ சுவரையோ பார்த்துப் பேசுகிறது. ரமளானில் மக்காவின் தராவீஹ் நேரலையை ஆவலோடு கேட்க அமரும் முதிய உம்மாவுக்கு ஓசை கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. வயது ஏற ஏற முதலில் குறைவது மெல்லிய, உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ஸீன், ஸாத், ஸே ஆகிய எழுத்துகளைப் பிரித்தறிய உதவும் ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. மக்தபில் ஆண்டுக்கணக்கில் நாவைத் திருத்திக் கற்ற பெண்மணிக்கு அவை மூன்றும் ஒன்றாகக் கலந்து கேட்பது எவ்வளவு பெரிய இழப்பு! வீட்டார் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அதனால் தெளிவு வருவதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தொல்லைதான் வருகிறது. ஓரளவு பெரிய ஸ்பீக்கர், கேட்பவரின் முகம் நோக்கி வைக்கப்பட்டால், குறைந்த சத்தத்திலேயே சொல்லைத் தெளிவாகத் தரும்.

அப்படியானால் ஒலியை டி.வி.யிலிருந்து அந்த ஸ்பீக்கருக்குக் கொண்டு செல்வது எப்படி? முன்பெல்லாம் மஞ்சள் வயரில் படம், சிவப்பிலும் வெள்ளையிலும் ஒலி என வழி தனித்தனியாக இருந்தது. 2002ஆம் ஆண்டு வெளியான எச்.டி.எம்.ஐ. முறை இரண்டையும் ஒரே கேபிளில் சேர்த்தது. ஒலிக்கென்று அதனுள் தனிக் கம்பி கிடையாது. படத்தின் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்குமுன் உள்ள நுண்ணிய இடைவெளிகளில், சிறு சிறு பொட்டலங்களாக ஒலி அனுப்பப்படுகிறது. ஆகவே கேபிளை அறுத்து ஒலிக் கம்பியைப் பிரித்தெடுக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பொட்டலங்களைப் படித்துப் பிரிக்கும் கருவி ஒன்று தேவை. கடையில் அதற்கு ‘ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்’ என்று பெயர்.

உள்ளங்கை அளவுப் பெட்டி அது. செட்டாப் பாக்ஸின் எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒரு பக்கம் நுழையும். மறுபக்கம் இன்னொரு கேபிள் டி.வி.க்குச் செல்லும். நடுவில் பிரிந்த ஒலி, சிவப்பு, வெள்ளைத் துளைகளிலும் ஆப்டிகல் துளையிலும் கிடைக்கும். ஆப்டிகல் துளை இல்லாத பழைய ஆம்ப்ளிஃபையருக்குச் சிவப்பும் வெள்ளையுமே போதும். மின்சாரத்துக்கு ஐந்து வோல்ட் சார்ஜர். நல்ல சவுண்ட்பார் ஒன்றின் விலையில் இது சிறு பகுதிதான்.

ஆயினும் அதையும் உடனே வாங்கிவிடாதீர்கள். முதலில் செட்டாப் பாக்ஸைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். பல பெட்டிகளில் ஏ.வி. என்ற பழைய துளை இன்னும் இருக்கிறது. டி.வி.யிலேயே ஹெட்ஃபோன் துளையோ ஆப்டிகல் துளையோ இருக்கக்கூடும். இருந்தால், வேண்டியது ஒரு வயர் மட்டுமே. விற்பவர் இதைத் தாமாக முன்வந்து சொல்வார் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்.

பலருடைய பணம் வீணாவது இன்னோர் இடத்தில். எக்ஸ்ட்ராக்டர் தன் வழியாகப் போகும் ஒலியை மட்டுமே பிரிக்கும். டி.வி.க்குள்ளேயே உள்ள யூடியூப் செயலியில் பயான் கேட்பவர்களுக்கு, ஒலி பிறப்பதே டி.வி.க்குள்தான், அது இந்தப் பெட்டிப் பக்கம் வருவதில்லை. அவர்கள் டி.வி.யில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை உள்ளதா என்று பார்க்க வேண்டும். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பு முதல், அதே கேபிளில் ஒலியை டி.வி.யிலிருந்து திருப்பி வெளியே அனுப்ப இவ்வழி உண்டு. அதைப் பழைய ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி வேறு. எது வேண்டும் என்று தெரியாமல் ‘எச்.டி.எம்.ஐ. பெட்டி’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் தவறானதே கைக்கு வரும்.

பொருத்திய பின் படம் வந்து ஒலி வராவிட்டால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். செட்டாப் பாக்ஸின் அமைப்புகளில் ஒலி ‘டால்பி’ என்று இருக்கும், அதை ‘பி.சி.எம்.’ என மாற்றுங்கள். விலை குறைந்த பெட்டிகளுக்கு டால்பியைப் பிரித்துரைக்கத் தெரியாது. 4கே பெட்டி வைத்திருப்போர் எச்.டி.சி.பி. 2.2 உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையேல் திரை கறுத்துவிடலாம். உதடு அசைவதற்கு முன்பே சொல் வந்தால், டி.வி. படத்தைச் செப்பனிட எடுத்துக்கொள்ளும் நேரமே காரணம். படத்தின் அமைப்பை ‘கேம்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

சவுண்ட்பாருக்கு ஆதரவாகவும் ஒரு நியாயம் உண்டு. ஒரே ரிமோட்டில் எல்லாம் அடங்கும். வீட்டில் பழைய ஸ்பீக்கரே இல்லாதவர் அதை வாங்குவதில் பிழையில்லை. எக்ஸ்ட்ராக்டரில் அந்த வசதி இல்லை, டி.வி. ரிமோட் அந்த ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் கட்டுப்படுத்தாது. டி.வி.யின் சொந்த ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபையரின் திருகைத்தான் திருப்ப வேண்டும். ஆகவே ஆம்ப்ளிஃபையரை அலமாரியின் உச்சியில் அழகுக்காக வைக்காதீர்கள். உம்மா அமரும் நாற்காலியின் அருகே, அவர் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். ‘பாஸ்’ திருகை இடப்பக்கம் நன்றாகக் குறைத்து, ‘ட்ரெபிள்’ திருகைச் சற்றே கூட்டி, எந்த அளவில் ஸீனும் ஸாதும் பிரிந்து கேட்கின்றன என்று அவரிடமே கேட்டு நிறுத்துங்கள்.