சாணக்யபுரியின் கடலும் அக்கரைப்பேட்டையின் கடலும்

2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் மேற்கே கடலடி நிலம் குலுங்கியது. பர்மாத் தட்டின் கீழே நுழையும் இந்தியப் புவித்தட்டு நெடுங்காலமாகச் சேர்த்துவைத்த அழுத்தம், சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒருசில நிமிடங்களில் வெடித்து விடுபட்டது. உயர்ந்தெழுந்த கடற்படுகை தன் மேலிருந்த நீரை ஆழிப்பேரலையாகத் தள்ளியது. 14 நாடுகளில் சுமார் 2.27 லட்சம் மக்கள் மாண்டனர். தமிழகத்தில் பலியான சுமார் 8,000 பேரில், 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தினர். கரையில் மீனுக்காகக் காத்திருந்த பெண்களும், விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளும் அவர்களில் மிகுதி.

நிலநடுக்கத்தை எந்த அரசாலும் தடுக்க இயலாது. ஆனால், பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் மூழ்கும் செய்தி காலை 8 மணிக்கு முன்பே தலைமையகத்தை எட்டியிருந்தது. கடலோரக் கிராமங்களை அது எட்டவில்லை. பசிபிக் கடலில் பல பத்தாண்டுகளாக இயங்கிவந்த எச்சரிக்கை ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல்தான். அது வரவேற்கத்தக்கதே, ஆயினும் பல்லாயிரம் உயிர்கள் அதற்கு விலையாயின.

எச்சரிக்கையில் இல்லாத வேகம் ராஜதந்திரத்தில் இருந்தது. அண்டை நாடுகளுக்கு நமது கடற்படை விரைந்து உதவியது பெருமைக்குரியது. ஆனால் மூன்றே நாட்களில், அமெரிக்க அதிபர் புஷ் அறிவித்த நால்வர் குழுவில் ஜப்பான், ஆஸ்திரேலியாவுடன் இந்தியாவும் இடம்பெற்றது. ஐ.நா.வை ஓரங்கட்டும் முயற்சி என்ற விமர்சனம் எழ, சில நாட்களில் அக்குழு கலைக்கப்பட்டது. எனினும் குவாட் கூட்டணியின் தொடக்கம் அந்த ஒத்துழைப்பே என்று அதன் தலைவர்களே 2021இல் எழுதினர். பிணங்களை அடக்கம் செய்து முடியாத நாட்களில் வல்லரசின் போர்த்தந்திரக் கூட்டுக்கு வித்திடப்பட்டது.

தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரியிலிருந்து பார்ப்போருக்கு இந்தியப் பெருங்கடல் என்பது கப்பல் தடங்களும் படைத்தளங்களும் குறித்த வரைபடம். நாகையின் அக்கரைப்பேட்டையிலிருந்து பார்ப்போருக்கு அது அன்றாட உணவு. சுற்றத்தைப் புதைத்த இடமும் கூட. 20 ஆண்டுகளாகத் தில்லியின் கொள்கையை முதல் பார்வையே நடத்துகிறது.

கிரேட் நிக்கோபாரே இதற்குச் சான்று. அன்றைய நிலநடுக்கத்தில் இத்தீவின் தென்முனையான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடித்தளம் நீரில் மூழ்கியது. அதே தீவின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரம் என ரூ.72,000 கோடித் திட்டத்துக்கு மோடி அரசு 2022இல் அனுமதி அளித்தது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்குப் பலியாகும். சுனாமிக்குப் பின் முகாம்களுக்கு மாற்றப்பட்ட நிக்கோபாரி மக்கள், மூதாதையர் ஊர்களுக்குத் திரும்ப இன்றும் கோருகின்றனர். பழங்குடியினர் மன்றம் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றதையும் அரசு பொருட்படுத்தவில்லை.

தமிழகக் கரையும் தப்பவில்லை. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிக்க ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப்பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. உல்லாச விடுதிகளுக்குக் கதவு திறந்தது. மீனவர் குடியிருப்புகளுக்கு அடுத்த அலை நெருங்கியது.

நினைவுத் தூண்களில் மலர்வளையம் வைப்பதோடு ஆட்சியாளர்களின் கடமை முடிந்துவிடாது. கிரேட் நிக்கோபார் திட்டம் கைவிடப்பட வேண்டும். நிக்கோபாரி மக்கள் தம் ஊர் திரும்ப வேண்டும். 2019 அறிவிக்கை திரும்பப் பெறப்பட வேண்டும். எச்சரிக்கை கடைசிக் குப்பம் வரை எட்டுவது உறுதிசெய்யப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை மீனவர், பழங்குடியினர் அமைப்புகளோடு கைகோத்துக் கடற்கரை ஊர்தோறும் கொண்டுசெல்வதே மாண்டோருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.