பதக்கத்துக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீர்

மீன்தலைக் கறி சாப்பிட ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போகும் பலர், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசிப்பதில்லை. ஃபேரர் பார்க்கில் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1933ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. 1999ல் கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயத்தோடு முடிந்தே போனது.

பந்தயம் என்றால் நாம் ஜாக்கியைப் பார்ப்போம், குதிரையைப் பார்ப்போம். விடிவதற்கு முன்பே அந்தக் குதிரையைத் தேய்த்து, நடக்கவிட்டு, கூட்டி வந்த ஆளை யாரும் பார்ப்பதில்லை. மலாய் மொழியில் அவர் 'சாயிஸ்'. தமிழில் குதிரைக்காரர். இங்குள்ள லாயங்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

இந்த வாரம் அவருடைய வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த வேலை மிகவும் கடினமாக இருப்பது பந்தயத் திடலில் அல்ல. 'ஈவென்டிங்' என்ற போட்டியில்.

ஒரே குதிரை, ஒரே வீரர், மூன்று சோதனைகள். முதலில் 'டிரெசாஜ்': இசைவான, அடக்கமான நடை. அடுத்தது 'கிராஸ் கன்ட்ரி': பல கிலோமீட்டர் ஓடி, மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் எல்லாம் தாண்ட வேண்டும். கடைசியில், அரங்கத்துக்குள் தட்டினால் விழும் கம்புகளைத் தாண்ட வேண்டும். ஒரே ஆள் முதல் நாள் பரதநாட்டியம் ஆடி, மறுநாள் மலையேறி ஓடி, மூன்றாம் நாள் தடை தாண்டும் ஓட்டமும் ஓடுவது போல. இராணுவக் குதிரைகளைச் சோதிக்கப் பிறந்த இந்தப் போட்டி, 1912 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2018 ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வென்றது இதில்தான்.

முதல் நாள் குதிரை மாப்பிள்ளை மாதிரி இருக்க வேண்டும். ரப்பர் சீப்பை வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்புவார் பராமரிப்பாளர். பிறகு கெட்டித் தூரிகை, அதன்பின் மென்மையான தூரிகை. கண்ணுக்கு ஒரு பஞ்சு, வாலடிக்கு வேறொரு பஞ்சு, மாற்றக்கூடாது. பிடரி மயிரைச் சின்னச் சின்னச் சடைகளாகப் பின்னி உருட்டிக் கட்டுவார். குளம்புகளின் அடியைச் சுரண்டி, கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்.

இதை வெறும் அலங்காரம் என்று நினைத்தால் தவறு. தூரிகை போகும் இடமெல்லாம் கையும் போகிறது. நேற்று இல்லாத ஒரு வீக்கம், லேசான சூடு, தொட்டதும் சுளிக்கும் தோல், இவற்றை முதலில் கண்டுபிடிப்பது அந்தக் கைதான். வாயில்லா ஜீவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லத் தெரியாது. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் பாட்டிக்கு எது தெரியுமோ, அதுதான் இவருக்கும் தெரிய வேண்டும்.

இரண்டாம் நாள் சடைகள் அவிழ்க்கப்படும். தடுமாறினால் வீரர் பற்றிக்கொள்ளப் பிடரி மயிர் வேண்டும். கால்களுக்குக் காப்புறை. தரையின் ஈரத்தைப் பார்த்து, லாடத்தில் திருகாணி போன்ற குமிழ்களைப் பொருத்துவார்கள், வழுக்காமல் இருக்க. சிலர் கால்களின் முன்பக்கம் வெள்ளை மசையைப் பூசியதும் உண்டு. கட்டையில் கால் உரசினால் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்பதற்காக.

குதிரை ஓடிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில் பராமரிப்பாளர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அவருடைய போட்டி, குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பம்.

ஓடும் குதிரையின் தசைகள் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. ஓய்வில் சுமார் 38 டிகிரி செல்சியஸ் இருக்கும் உடல் வெப்பம், ஓடி முடிக்கும்போது 40ஐத் தாண்டிவிடலாம். குதிரைக்கும் நம்மைப் போல வியர்க்கும். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது, வழிந்து வீணாகும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதியம் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

அதனால் குதிரையை உடனே குளிர்விக்க வேண்டும். சேணத்தைக் கழற்றி, கழுத்து, மார்பு, முதுகு, பின்தொடை என்று உடல் முழுவதும் வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே நடக்கவிட்டு, வெப்பமானியால் பார்த்து, மூச்சை எண்ணி, மறுபடியும் ஊற்ற வேண்டும்.

இதைப் படிக்கும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீரா? வெயிலில் இருந்து வந்ததும் தண்ணீர் குடிக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். குதிரை உலகத்திலும் இதே நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. ஐஸ் தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும், ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்றெல்லாம் சொன்னார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் புழுக்கமான கோடையில் நடக்கப் போகிறது என்றதும், விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த தண்ணீர் குதிரையைக் கெடுக்கவில்லை, காப்பாற்றியது. நீர்த்திவலை தெளிக்கும் பெரிய மின்விசிறிகளும் அட்லாண்டாவில் பயன்பட்டன. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் 2008ல் ஹாங்காங்கில் நடந்தபோதும், 2021ல் தோக்கியோவிலும் இந்தப் பாடம் கைகொடுத்தது. நல்ல நோக்கத்தோடு வந்த பழைய நம்பிக்கையும் சில சமயம் உயிரை வாங்கும் என்பதை இதில் நான் படித்துக்கொண்டேன்.

இந்த வேலையின் பழைமை நம் மகாபாரதத்திலேயே இருக்கிறது. ஜயத்ரதனைத் தேடிப் போகும் நாளில் குதிரைகள் களைத்துப்போகின்றன. போர்க்களத்தின் நடுவில் தேரை நிறுத்துகிறார்கள். அர்ஜுனன் அம்பெய்து ஒரு நீர்நிலையை உண்டாக்குகிறான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, தைத்த அம்புகளைப் பிடுங்கி, தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டுகிறான். அவன் கீதை சொன்னதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். குதிரை தேய்த்ததை மறந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் இரவுதான் மிக நீளமானது. கால்களை ஐஸில் வைக்க வேண்டும். தீவனம் தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, சாணம் போடுகிறதா என்று பார்க்க வேண்டும்; வயிற்றுவலி குதிரைக்கு உயிர்ப் பிரச்சினை. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தன் பையில் இருக்கும் சாக்லேட்டைக்கூட அன்பு மிகுதியால் நீட்டிவிடக்கூடாது. அதிலுள்ள பொருள் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிவிடும். கசகசாவும் அப்படித்தான்.

கடைசிச் சுற்றுக்கு முன் நடுவர்களும் கால்நடை மருத்துவரும் நிற்க, ஒவ்வொரு குதிரையையும் நேர்கோட்டில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு கால் நொண்டினாலும் போட்டி அதோடு முடிந்தது. கேட்க இது கடுமையான விதியாகத் தெரியலாம். ஆனால், தோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 1ஆம் தேதி கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் சுவிட்சர்லாந்தின் 'ஜெட் செட்' என்ற குதிரைக்குக் காலில் தசைநார் அறுந்து, குணப்படுத்த வழியில்லாமல் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. எத்தனை கவனம் இருந்தாலும் ஆபத்து போய்விடுவதில்லை. குறைப்பது மட்டும்தான் நம் கையில்.

அதனால்தான் இந்த வேலையில் மிகக் கடினமானது தேய்ப்பதோ, விழித்திருப்பதோ அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பல ஆண்டு உழைப்பு, விமானச் செலவு, நாட்டின் கொடி எல்லாம் காத்திருக்கும்போது, வீரரிடம் போய், "இன்றைக்கு இந்தக் காலில் சூடு இருக்கிறது, டாக்டரைக் கூப்பிடலாம்" என்று சொல்வதுதான் கடினம். சம்பளம் வாங்குபவர் சம்பளம் கொடுப்பவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அது. சொன்னால் பதக்கம் போகலாம். சொல்லாவிட்டால் குதிரையே போகலாம்.

வாயில்லா ஜீவனுக்காக வாய் திறக்கும் அந்த ஆளுக்கு எந்த மேடையிலும் இடம் கிடையாது. அடுத்த முறை தொலைக்காட்சியில் குதிரைப் போட்டி வந்தால், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அலைவரிசையை மாற்றிவிடாதீர்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வருவார். அவரையும் கொஞ்சம் பாருங்கள்.