கழற்றுவது பாதி, பூட்டுவது மீதி

கோவைப் பக்கத்தில் பழைய பைக் பற்றிப் பேச்செடுத்தால், அது ஜி.டி.நாயுடுவிடம் போய்த்தான் நிற்கும். சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் அவர். இளவயதில், ஊர்ப்பக்கம் வந்த ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் பூட்டாமல், மிதிக்கவும் மிதிக்காமல் ஒரு வண்டி ஓடுகிறதே என்ற வியப்பு அவரை விடவில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதை முழுக்கக் கழற்றிப் போட்டார். மறுபடி பூட்டினார்.

அந்தக் கைதான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனத்தை வளர்த்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் ‘கழற்றினார்’ என்ற இடத்தில் நிறுத்தி ஆச்சரியப்படுவார்கள். பழைய வண்டியில் கை வைத்தவர்களுக்குத்தான் தெரியும், ஆச்சரியப்பட வேண்டிய இடம் ‘பூட்டினார்’ என்பது.

கொங்கு நாட்டில் எத்தனையோ வீட்டு வாசலிலும் தோட்டத்துச் சாளையிலும் சாக்கு போர்த்தி நிற்கின்றன பழைய பிரிட்டிஷ் வண்டிகள். இரண்டாம் உலகப் போருக்காக லட்சத்துக்கும் மேல் தயாரான பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன், மேட்ச்லெஸ், டிரயம்ப் என்று ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் போருக்குப் பின் பொதுமக்கள் கைக்கு வந்தன. அடுத்தது புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த அந்த வண்டி, 1955-ல் மெட்ராஸுக்கு வந்து திருவொற்றியூரில் வேர்விட்டது. தாய் நிறுவனம் அங்கே 1970 வாக்கில் மூடப்பட்ட பிறகும் பிள்ளை இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

“ஏனுங்க, இதை எடைக்குப் போட்டாலாவது வாசல் காலியாகுமுங்க” என்று வீட்டுக்காரம்மா சொல்வதில் தப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையாகக் கழற்றப்பட்ட இன்ஜின், பல வருஷம் கழித்து மூன்று சாக்குகளில் கிடப்பதை அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? வீட்டில் நடக்கும் பல புதுப்பிப்பு வேலைகளின் முடிவு இதுதான். காசில்லாமல் நின்றதைவிட, எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்று தெரியாமல் நின்றதுதான் அதிகம்.

அதனால் முதல் வேலை ஸ்பானர் எடுப்பதல்ல, போட்டோ எடுப்பது. கேபிள் போகும் வழி, வயர் சேரும் இடம், வாஷர் வரிசை எல்லாம் செல்போனில் ஏறிவிட வேண்டும். கார்புரேட்டருக்கு ஒரு டப்பா, கிளட்ச்சுக்கு ஒன்று, மேக்னெட்டோவுக்கு ஒன்று என்று பிரித்து, மேலே பெயர் எழுதி வைக்க வேண்டும். ஒன்றைப் பூட்டி முடித்த பிறகே அடுத்ததைக் கழற்றுவது என்று வைத்துக்கொண்டால் சாக்குக்கு வேலையே இல்லை.

அடுத்தது ஸ்பானர். நம் வீட்டில் இருப்பது 10, 12, 14 என்ற மில்லிமீட்டர் செட். பழைய பிரிட்டிஷ் வண்டியின் நட்டு, போல்ட் இன்ச் கணக்கு. ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி; இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. விட்வொர்த் ஸ்பானரில் எழுதியிருக்கும் அளவு போல்ட்டின் தண்டுக்கு உரியது, தலைக்கு உரியது அல்ல. இது தெரியாமல் கிட்டத்தட்டப் பொருந்தும் ஸ்பானரை வைத்துத் திருகினால் தலை மழுங்கும். வேறு போல்ட்டை முறுக்கி ஏற்றினால் இன்ஜின் கேஸின் மரையே போய்விடும். எழுபது வருஷம் தாங்கிய அலுமினியம் ஐந்து நிமிஷத்தில் பாழ்.

நெடுநாள் நின்ற வண்டியில் பிஸ்டன் இறுகியிருக்கும். கிக்கர் மேல் ஏறிக் குதிக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக ஆயில் விட்டு, சில நாள் ஊறவிட்டு, பிறகு கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல அசைத்துப் பார்க்கலாம். பொறுமை உள்ளவருக்கு அது இளகிக் கொடுக்கும்.

இந்த விஷயத்தில் கோவைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பஞ்சாலைக்கும் பம்ப்செட்டுக்கும் உதிரி செய்து பழகிய லேத் பட்டறைகள் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று எங்கும் இருக்கின்றன. தேய்ந்த புஷ்ஷை மாதிரி காட்டினால், வெண்கலத்தில் கடைந்து கொடுக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. ரட்ஜ் பைக் தயாரிப்பு இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தோடு நின்றுபோனது. அப்படிப்பட்ட வண்டிக்கு இனி கம்பெனி உதிரி எங்கிருந்து வரும்? லேத்துக்காரர்தான் கம்பெனி. ஆனால் அந்தக் கைகளுக்கும் வயதாகிறது. தேய்ந்த பாகத்தைத் தூக்கி எறியாமல், மாதிரிக்காகப் பத்திரப்படுத்துவது முக்கியம்.

பலர் சறுக்கும் இன்னொரு இடம், பளபளப்பு. டேங்க்கைச் சுரண்டிப் புது பெயின்ட், எல்லாவற்றுக்கும் குரோம், அகலமான டயர், அலறும் சைலன்சர் என்று செய்துவிட்டால் அது தாத்தா வண்டி இல்லை, புது வண்டி. சட்டமும் இதையேதான் பார்க்கிறது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே பராமரிக்கப்பட்டு, சேஸிஸ், இன்ஜின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியே ‘விண்டேஜ்’. அதற்குத் தனி வரிசையில் பதிவு எண் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம்.

ஆர்.சி. புத்தகம் இறந்துபோன அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ இருந்தால், வாரிசு பேருக்கு மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 31 கொடுக்க வேண்டும். செலவு செய்வதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. சேஸிஸ் எண், இன்ஜின் எண் மேல் எமரித் தாளே படக் கூடாது. எண் அழிந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தேகத்துக்கு உரிய வண்டிதான்.

ஓட ஆரம்பித்த பிறகுதான் நிஜமான வேலை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். டேங்க்குக்குள் துருவை வளர்க்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும். நிறுத்தாமலே இருப்பது இன்னும் உத்தமம். வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினால் போதும். வாசலிலேயே இரண்டு நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் சைலன்சருக்குள் தண்ணீர் தங்குவதுதான் மிச்சம்.

வீட்டோடு செய்கிற வேலை என்பதால் இரண்டு எச்சரிக்கைகள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதவோ, காற்றடித்துப் பறக்கவிடவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பெட்ரோலில் பாகங்களைக் கழுவும் பழக்கம் சமையலறை உள்ள வீட்டுக்கு ஆகாது.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைக்க வேண்டும். எந்தத் தேதியில் என்ன கழற்றியது, எந்த பேரிங் போட்டது, எந்த லேத்தில் எந்த அளவுக்குக் கடைந்தது, எந்த ஆயில் ஊற்றியது என்று அதில் எழுத வேண்டும். ரட்ஜைத் திறந்தபோது நாயுடுவுக்குச் சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. நாளைக்கு இந்த இன்ஜினைத் திறக்கப்போகும் மகனுக்கோ பேத்திக்கோ அந்தக் கஷ்டம் வேண்டாம். நோட்டைப் பார்த்துப் பூட்டிவிடுவார்கள்.