ஜனாதிபதி செயலகத்தில் யார் யார்?

காலிமுகத்திடலில் 1930 இல் சட்டநிரூபண சபைக்கெனத் திறக்கப்பட்டு, 1982 வரை பாராளுமன்றமாய் விளங்கிய மாளிகையில் இன்று வீற்றிருப்பது ஜனாதிபதி செயலகம்! அதற்குப் பொறுப்பான செயலாளரை ஜனாதிபதியே நியமிப்பார் என்கிறது 1978 அரசியலமைப்பின் 41 ஆம் உறுப்புரை. அதுவாவது சட்டத்தில் எழுதப்பட்ட பதவி. சூழ வந்து குவியும் ஆலோசகர்களைத் தெரிந்தவர் யார்? கச்சேரி எழுதுவினைஞனுக்கும் போட்டிப் பரீட்சை உண்டு. இவர்களுக்கு எந்தப் பரீட்சை?

2020 ஜூனில் கோட்டாபய ராஜபக்ஷ, கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு செயலணி அமைத்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர்! தமிழ் பேசும் மக்களே பெரும்பான்மையாய் வாழும் மாகாணம். முதற்பட்டியலில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்தானும் இல்லை. வயலுக்குள் எல்லைக்கல் நாட்டப்பட்டால் கமக்காரன் எவரிடம் முறையிடுவது?

செயலக நியமனங்களின் முழுப் பட்டியலையும் சபையில் வைக்குமாறு நம் பிரதிநிதிகள் கேட்கட்டும். வரவு செலவுத் திட்ட விவாதத்தில் ஜனாதிபதியின் செலவினத் தலைப்பு வரும் நாளிலேயே கேட்கட்டும்!